புளியங்கொட்டையும் கேசினோ சில்லும்

மஞ்சளுக்குத் தண்ணி விட்டாச்சு. இந்த வாரம் வெள்ளாமையை ஓரமா வெச்சுட்டு வேற ஒரு சமாச்சாரம் எழுதறேன்.

தபால்தலை சேர்க்கறவங்களைப் பார்த்திருப்பீங்க, பழைய காசு சேர்க்கறவங்களையும் பார்த்திருப்பீங்க. எங்க அக்கா மகன் சேர்க்கறது கேசினோ சில்லும் சீட்டுக்கட்டும். மாப்பிள்ளை சொகுசுக் கப்பல்ல சமையல் வேலை. கப்பல் ஏறறதுக்கு முன்னாடி சிங்கப்பூர்ல ரெண்டு நாள் நின்னா, கேசினோவுக்குள்ள போய் 5 டாலருக்கு ஒரு சில்லு வாங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு அப்படியே வெளிய வந்துருவார். ஒரு ஆட்டம் ஆடினதில்லை. மத்த ஊர்ச் சில்லெல்லாம் கூட வேலை செய்யறவங்ககிட்ட மாத்திக்கிட்டது. இதுவரைக்கும் 114 சில்லு, 26 கட்டு சீட்டு சேர்ந்திருக்குது. எல்லாம் எங்க வீட்டு அட்டாலில ஒரு தகரப் பெட்டிக்குள்ள இருக்குது. அவங்க வீட்டுல வைக்க முடியாது. ஏன்னு பின்னால சொல்றேன்.

சின்னப்புள்ளையில நாம பாண்டி ஆடின ஓட்டாஞ்சில்லு மாதிரி வட்டமா இருக்கும். சுமார் 39 மில்லிமீட்டர் அகலம், 8-லிருந்து 10 கிராம் எடை. களிமண் சில்லுன்னு பேரு, ஆனா வெறும் மண் இல்லை, பலதும் கலந்து அச்சுல அழுத்திச் செய்யறது. ஓரத்துல கலர் கலரா பட்டை இருக்கும். அது அழகுக்கு மட்டும் இல்லீங்க. அடுக்கி வெச்சிருந்தாலும் பக்கவாட்டுல பார்த்தே எந்தச் சில்லு எத்தனைன்னு சொல்லிரலாம். நடுவுல பெரிய சில்லு ஒண்ணை யாரும் சொருகி ஏமாத்த முடியாது. லாஸ் வேகாஸ் பக்கம் பொதுவா 5 டாலர் சிவப்பு, 25 டாலர் பச்சை, 100 டாலர் கறுப்பு.

சீட்டுக்கட்டு இன்னும் வேடிக்கை. கேசினோவுல ஒரு கட்டை ரொம்ப நேரம் வெச்சு ஆட மாட்டாங்க. நகத்தால கீறி யாராவது அடையாளம் வெச்சிருவாங்கன்னு பயம். எடுத்த கட்டு திரும்ப மேசைக்கு வந்துரக்கூடாதுன்னு நடுவுல துளை போட்டுருவாங்க, இல்லைன்னா மூலையை வெட்டிருவாங்க. அப்புறம் அதையே நினைவுப் பொருளா விப்பாங்க. மாப்பிள்ளைகிட்ட இருக்கற ஆட்டின் ராணிக்கு வயித்துல ஓட்டை.

சில்லுக்கு மதிப்பெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள்ளதான். வெளிய வந்தா ஒரு டீ குடிக்க முடியாது. கேசினோவை மூடினா, சொன்ன தேதிக்குள்ள கொடுத்துக் காசாக்கிக்கணும், அப்புறம் செல்லாது. ஆனா சேர்க்கறவங்களுக்கு அப்பத்தான் அது அருமை. லாஸ் வேகாஸ்ல சேண்ட்ஸை 1996-லயும் ஸ்டார்டஸ்டை 2007-லயும் வெடி வெச்சு இடிச்சாங்க. மாப்பிள்ளைகிட்ட ஸ்டார்டஸ்டோட 1 டாலர் சில்லு ஒண்ணு இருக்குது. அதுக்கு 3 சிங்கப்பூர் சில்லு கொடுத்து மாத்தியிருக்கார்.

"ஏன் மாப்பிள்ளை, காசை வெச்சே ஆடலாமே, எதுக்கு இந்தச் சில்லு?"ன்னு கேட்டேன்.

"எண்ண சுலபம், கள்ள நோட்டு வராது, அதெல்லாம் இருக்குது மாமா. ஆனா நோட்டா இருந்தா எடுத்து வைக்கக் கை கூசும். சில்லா இருந்தா கூசாது. நம்மூர்ல புளியங்கொட்டை வெச்சாங்களே, அதேதான்"னார்.

அது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க ஊர்ல ஒரு சாளையில ராத்திரி மங்காத்தா ஓடும். ஒரு சீட்டை நடுவுல வெச்சு, மத்ததை உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே வருவாங்க. அதே நம்பர் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் கட்டினவனுக்குக் காசு. போலீஸ் வந்தா பணம் கண்ணுல படக்கூடாதுன்னு புளியங்கொட்டை வெச்சு ஆடினாங்க. ஒரு கொட்டை 10 ரூபாய். விடிஞ்சதும் கணக்கு நோட்டுல ஏறும்.

எங்க மச்சான் ஊதாரி இல்லீங்க. சந்தையில நாலணாவுக்குக் கத்தரிக்காய்க்காரிகிட்ட மல்லுக்கட்டுவார். அதே மனுசன் ராத்திரியில ஒரு பிடி கொட்டையை அள்ளி 'உள்ளே'ன்னு வைப்பார். 1994-ல ஒண்ணரை ஏக்கர் தோட்டமும் கிணத்துல கால் பங்கும் போச்சு. கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்குத்தான் எத்தனை கொட்டைக்கு எத்தனை மண்ணுன்னு அவருக்கே தெரிஞ்சுது. பையனுக்கு அப்ப 9 வயசு. அப்பாவுக்குப் போசியில சோறு கொண்டு போறவன், கொட்டையைப் பத்துப் பத்தா கூறு கட்டிக் கொடுத்துட்டு வருவான்.

அதுல இருந்து அக்கா வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டு நுழையக் கூடாது. கல்யாண மண்டபத்துல யாராவது சீட்டு விரிச்சாக்கூட அக்கா எந்திரிச்சுப் போயிரும். அதனாலதான் பெட்டி எங்க வீட்டுல.

போன மாரியம்மன் நோம்பிக்கு அக்கா வந்திருந்தப்ப, அட்டாலில எதையோ தேடி அந்தப் பெட்டியைத் திறந்துருச்சு. சீட்டை ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துச்சு.

"எல்லாத்துலயும் ஓட்டை போட்டிருக்குது?"

"இனி யாரும் ஆடக்கூடாதுன்னு போட்டதுக்கா."

கொஞ்ச நேரம் பேசலை. "நம்மூர்ல ஒருத்தனுக்கும் இது தோணலையே"ன்னுச்சு. அப்புறம் மெதுவா, "பையன் ஆடறானாடா?"ன்னுச்சு.

"ஆடியிருந்தா சில்லு இங்க வந்திருக்காதுக்கா. அங்கயே போயிருக்கும்"னேன்.

மாப்பிள்ளை சொன்னதையும் சொன்னேன். சிங்கப்பூர்ல 2010-ல கேசினோ திறந்தப்பவே உள்நாட்டு ஆளுக உள்ள போக 100 டாலர் கட்டணும்னு வெச்சாங்க, 2019-ல 150 ஆக்கினாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அது இல்லை. வீட்டுல இருக்கறவங்க மனு கொடுத்தா, விசாரிச்சு அந்த ஆளை உள்ள விடாமத் தடுக்கவும் அங்க வழி இருக்குது.

"பொண்டாட்டி கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம்."

"எந்த ஆபீஸ்ல கொடுக்கணும்?"னு கேட்டுச்சு. மச்சான் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சுங்க.

பெட்டியை மூடி, "இங்கயே இருக்கட்டும், எங்க வீட்டுக்கு வேண்டாம்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

இப்பக் கொட்டையும் வேண்டியதில்லை, சில்லும் வேண்டியதில்லை. போன்ல ஒரு நம்பர், அவ்வளவுதான். 2022-ல நம்ம மாநிலத்துல ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2025-ல மத்திய அரசும் பணம் கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை போட்டுது. நல்லதுதான். ஆனா கை கூசணும்னா, கையில இருக்கறது காசுதான்னு ஆடறவனுக்கு முதல்ல தெரியணுமில்லைங்களா? அடுத்த லீவுல வரும்போது ஊர்ப் பசங்களைக் கூட்டி வெச்சு அந்தச் சில்லை எல்லாம் காட்டுங்க மாப்பிள்ளைன்னு சொல்லியிருக்கேன். கூடவே ஒரு பிடி புளியங்கொட்டையும் வைக்கறேன்னு சொன்னேன். சரின்னு சொல்லியிருக்கார்.