மலைநாட்டு நீருக்கு ஒரு பாய்ப்படகு

கண்டி ஏரியின் படகுத்துறையில் பயணிகளை ஏற்றிச் சுற்றிவருபவை எஞ்சின் படகுகள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டிய இந்த ஏரியில் பாய் விரித்த படகு ஒன்றும் கண்ணில் படவில்லை. கிழக்கே விக்டோரியா நீர்த்தேக்கமோ மலைகளுக்கு நடுவே கிளை கிளையாக நீண்டு கிடக்கிறது. இரண்டு மூன்று பேர் பகலெல்லாம் பாயில் ஓடி, படகிலேயே உறங்கித் திரும்பும் சிறு உலாப்படகு இங்கே எப்படி இருக்க வேண்டும்? அதை இப்பகுதிக் கைவினைஞர்களே கட்ட முடியுமா? இந்தக் கேள்விகளுடன்தான் கண்டி ஏரிக்கரைக்கும், திகனப் பக்கத்து நீர்த்தேக்கக் கரைக்கும், நகரைச் சுற்றியுள்ள தச்சுப் பட்டறைகளுக்கும் போனேன். முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் கடலுக்கு வரைந்த வடிவத்தைச் சிறிதாக்கிக் கொண்டுவந்தால் அது சரிவராது. ஓடப்போகும் நீரும் பழுதுபார்க்கப்போகும் கையும்தான் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் காற்று. ஏரிக்கரையில் நின்று நீர்ப்பரப்பைக் கவனித்தால் விஷயம் புரியும். கரிய சிற்றலைத் திட்டு ஒன்று உடவத்த கெலே காட்டுப் பக்கமிருந்து விரைந்து வரும், நடுவில் அடங்கிப்போகும், சற்றைக்கெல்லாம் எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று கிளம்பும். மலைகள் காற்றை உடைத்துத் திருப்பிவிடுவதே காரணம். சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இந்த ஏரி நெடும்பயணத்துக்குப் போதாது, ஆனால் மலைக்காற்றின் குணத்தைக் கற்க நல்ல இடம். நீர்த்தேக்கத்திலும் இதே குணம்தான், வீச்சு மட்டும் பெரிது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே உயர்ந்த பாய்மரத்தில் ஒரே பெரிய பாயைக் கட்டுவது இங்கே ஆபத்து. ஜான் வாட்கின்சன் 1960களில் வடிவமைத்த டிராஸ்கோம் லக்கர் என்ற 18 அடி 9 அங்குலப் படகு நல்ல முன்மாதிரி. அதில் தாழ்வான மரங்களில் மூன்று சிறு பாய்கள். காற்று வலுத்தால் நடுப்பாயை இறக்கிவிட்டு முன்பாயும் பின்பாயும் கொண்டு ஓடலாம். மரங்களைக் கையாலேயே தூக்கி நிறுத்தலாம் என்பதால், வளைந்தேறும் மலைச்சாலையில் இழுத்துச் செல்வதும் எளிது.

அடுத்தது நீர்மட்டம். 1985இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்குள் போனது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நீர் எடுக்க எடுக்க மட்டம் ஏறி இறங்கும், கரை சேறாகவும் கல்லாகவும் மாறிக்கொண்டே இருக்கும். கடலோடும் உலாப்படகின் அடியில் ஈயமோ இரும்போ சுமந்த ஆழமான ஏரா இருக்கும். படகு சாய்ந்தால் நிமிர்த்துவது அந்தப் பாரம்தான். அதே ஏரா இங்கே கரையிலிருந்து வெகுதூரத்திலேயே தரைதட்ட வைக்கும். எனவே அகன்ற அடியும், தூக்கி இறக்கும் நடுப்பலகையும், மேலெழும் சுக்கானும் வேண்டும். பலகையைத் தூக்கிவிட்டால் முழங்காலளவு நீரில் படகைக் கரைசேர்க்கலாம். நிலைப்பாரம் இல்லாத குறையை, இருக்கைகளுக்கு அடியில் காற்று அடைபட்ட அறைகள் ஈடுசெய்ய வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மூழ்கக் கூடாது. வேகத்துக்காக எதையும் தியாகம் செய்யத் தேவையில்லை. நீர்க்கோடு 16 அடி நீளமுள்ள இத்தகைய படகு எத்தனை பெரிய பாய் கட்டினாலும் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் தன் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். அந்த வேகத்தோடு நிறைவு கொண்டு, இருவர் நீட்டிப் படுக்கத் தட்டையான தளமும் மழைக்கு ஒரு கூடாரத் துணியும் தருவதே நல்ல வடிவமைப்பு.

கட்டுமானத்தைப் பற்றிய என் வாதம் இலங்கையின் பழைய கைத்திறனிலிருந்து தொடங்குகிறது. தென்மேற்குக் கரையின் ‘ஒருவ’ என்னும் படகு, குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்படுவது, ஆணியை நம்பாதது. 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் இங்கிலாந்தில் உருவாக்கிய மிரர் படகும் தையல் படகுதான். அங்கே தைப்பது செப்புக் கம்பி. அளவாக வெட்டிய பிளைவுட் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, கம்பியைக் கோத்துக் குறடால் முறுக்க முறுக்க, தட்டையான பலகைகள் வளைந்து எழுந்து படகின் உருவம் கொள்கின்றன. உள்மூலையில் மரத்தூள் கலந்த பசையை வட்டமாக வழித்து, மேலே கண்ணாடியிழை நாடா ஒட்டி, இறுகியதும் கம்பியை வெட்டிவிடலாம். பெரிய அச்சு வேண்டாம். தச்சரல்லாதவர்களும் வீட்டுக் கொட்டிலில் கட்டியதால் 70,000க்கு மேற்பட்ட மிரர் படகுகள் உலகில் உருவாயின. எம்பெக்கே போன்ற ஊர்களின் மரவேலை மரபையும், கதவு ஜன்னல் செய்யும் ‘பாஸ்மார்’ எனப்படும் தச்சர்களின் கைத்திட்பத்தையும் கண்டவர்களுக்கு இந்த வேலை இவர்களுக்கு எட்டாதது என்று தோன்றாது. பலாப்பலகையின் விளிம்பில் இழைப்புளியை ஓட்டிவிட்டு, கண்ணால் பாராமல் பெருவிரலால் தடவியே மேடுபள்ளம் அறியும் கை அது. மூலைமட்டத்துக்கு அடங்காத வளைவுகளைப் பழகுவதே புதுப் பாடமாக இருக்கும்.

பைபர்கிளாஸ் இருக்க மரம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. நன்னீர் உப்புநீரைவிட விரைவில் மரத்தை உளுக்கச் செய்யும், மலைநாட்டு ஈரமும் கறையானும் அதற்குத் துணை. இதை மறுக்க முடியாது. அதனால்தான் பலகையின் ஆறு முகங்களையும் எபொக்சி பூசி அடைக்க வேண்டும், மூடிய அறைகளுக்குத் திறந்து காற்றாட விடும் மூடிகள் வைக்க வேண்டும். பைபருக்கு அச்சுச் செலவு அதிகம், நூற்றுக்கணக்கில் வார்த்தால்தான் அது மலிவு. அவசரத்தில் வார்த்தால் என்னவாகும் என்பதை 2004 சுனாமிக்குப் பின் கரையோரங்களில் விநியோகிக்கப்பட்ட பல படகுகளின் தரக்குறை காட்டியது. காற்று நின்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குப் பதில், ஒரு சோடித் துடுப்பு. அது எல்லாச் சிறு பாய்ப்படகுக்கும் உரிய உறுப்பு. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த விக்டோரியா – ரந்தெனிகல – ரந்தம்பே சரணாலயத்தைக் காரணம் காட்டித் தடை சொல்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன், உரிய அனுமதியின்றி எவரும் இறங்கக் கூடாது. ஆனால் எண்ணெய் கசியாத, இரைச்சலிடாத, அலையால் கரையை அரிக்காத படகு ஒன்றுக்கு அனுமதி தரலாம் என்றால், அது பாய்ப்படகுதான்.

இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. இறக்குமதி செய்த படகென்றால் அது உண்மை. இங்கேயே கட்டினால் பணத்தின் பெரும்பகுதி தச்சருக்கும், பாய் தைக்கும் தையற்காரருக்கும், சுக்கான் கொண்டி அடிக்கும் உலோகப் பட்டறைக்கும் போகும். பழுதும் அவர்கள் கையிலேயே தீரும். முதல் படகை விற்பனைக்கு வைக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். கரையோரத்தில் அதை வேண்டுமென்றே கவிழ்த்து, இரண்டு பேர் உதவியின்றி நிமிர்த்தி, நீரை இறைத்து, பாய் விரித்து மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறாத படகு எத்தனை அழகாக இருந்தாலும் பட்டறைக்கே திரும்பட்டும்.