கூலிக்கும் வெடிக்கும் என்ன சம்பந்தம்?

எங்க ஊர்ப் பக்கம் பட்டாசு விபத்துன்னா மறுநாள் பேப்பர்ல பெரும்பாலும் ஒரே காரணம்தான்... "மருந்து உராய்வு". உராயுற அளவுக்கு என்ன அவசரம்னு யாரும் கேக்கிறதில்ல.

எதிர்வீட்டு அத்தை 20 வருஷமா பட்டாசு வேலைக்குப் போறாங்க. மாசச் சம்பளம் கிடையாது, எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை வேகம் குறைஞ்சா காசு குறையும். ஒரு அறையில நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாதுங்கிற விதி, தீபாவளி நெருங்கினா மறந்துபோகும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 உயிர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சன்குளம்: 20 பேருக்கும் மேல. அச்சன்குளம் ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, வேலை வாங்குறது வேறொருத்தர். குத்தகைக்காரருக்குப் போட்ட காசைச் சீக்கிரம் எடுக்கணும். அந்த அவசரம் கடைசியில மருந்து தொடுற கைக்குத்தான் வருது.

நான் பார்த்த சங்க நோட்டீஸ்ல கூலி உயர்வு ஒரு கோரிக்கை, பாதுகாப்பு வேறொரு கோரிக்கை. எனக்கென்னவோ ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது. மருந்து கலக்குறவங்களுக்கும் செலுத்துறவங்களுக்குமாவது நாள்கூலி வந்தா பாதி அவசரம் போயிடும்.

அத்தைகிட்ட சொன்னேன். "நாள்கூலின்னா எவ்வளவுப்பா தருவாங்க?"ன்னாங்க.

நியாயமான கேள்வி. சங்கம் முதல்ல பேச வேண்டியது அந்தத் தொகையைத்தான்.