ஓட்டோவும் நுளம்பும்

கட்டுகஸ்தோட்டை
12.10.2025

அன்புள்ள மருமகனுக்கு,

நீ செய்த கேம் வந்து சேர்ந்தது. வாட்ஸப்பில் "எப்படி மாமா?" என்று கேட்டிருந்தாய். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. அவ்வளவையும் போனில் தட்ட எனக்குப் பொறுமை இல்லை, ஆகவே கடிதம். ஹொஸ்டலுக்குத் தபால் வருவதைப் பார்த்து உன் கூட்டாளிமார் பகிடி பண்ணினால் பண்ணட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடுகிற கேம் என்றால் முதல் கேள்வி, யாரைச் சுடுவது? அதில் நீ தப்பிவிட்டாய். நுளம்பு செத்ததற்காக அழுகிறவர் இந்த நாட்டில் இல்லை. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அந்த வருஷம் உங்க அம்மா பப்பாளி இலைச் சாறும் இரத்தப் பரிசோதனைத் துண்டுமாக அலைந்தது உனக்கு மறந்திருக்காது. அதனால்தானோ என்னவோ, கேம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள் உன் ஓட்டோ புகையடித்து நுளம்பை விழுத்துவதைப் பார்த்ததும் "இன்னும் அடி, இன்னும் அடி" என்று பின்னால் நின்று சத்தம் போட்டாள்.

நான் நெட் கஃபே நடத்திய காலத்தில் நுளம்பின் இடத்தில் கோழிகள் இருந்தன. சிக்கன் இன்வேடர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? கிரேக்கக்காரர் கொன்ஸ்டான்டினோஸ் புரூஸ்காஸ் 1999இல் வெளியிட்ட கேம். மனிதர்கள் இத்தனை காலம் தின்றதற்குப் பழிவாங்க விண்வெளியிலிருந்து கோழிகள் படையெடுத்து வருகின்றன. முட்டைதான் குண்டு. சுட்டால் பொரித்த கால் துண்டு விழுகிறது, அதைப் பொறுக்கினால் புள்ளி. தகப்பனும் மகளும் ஒரே கீபோர்டில் தோளை இடித்துக்கொண்டு விளையாடுவார்கள். இரத்தம் இல்லை, பகை இல்லை, சிரிப்பு மட்டும். அது மேல்நோக்கிச் சுடுகிற கேம், உன்னுடையது பக்கவாட்டில் போகிறது. ஆனால் குடும்பத்தோடு உட்காரலாம் என்கிற இடத்தில் இரண்டும் ஒரே சாதி.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும், சத்தம். துப்பாக்கிச் சத்தம் வைக்காமல் புகை மெஷினின் இரைச்சலை வைத்திருக்கிறாய். அம்மாயி 83 ஆடிக் கலவரத்தில் கண்டியில் கடைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். டிவியில் வெடிச் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் எழுந்து போய்விடுவார். உன் கேமுக்கு எழுந்து போகவில்லை. எழுந்து வந்தார். பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ வரும்போது நீ அந்த பீத்தோவன் மெட்டைப் போட்டிருக்கிறாய் அல்லவா? அது கேட்டதும் குசினியிலிருந்து கையில் சுருக்குப்பையோடு கேட்டடிக்குப் போய் நின்றுகொண்டு, "பாண்காரன் எங்கடா? ரெண்டு கிம்புலா பணிஸ் எடுக்கணும்" என்கிறார். ரோட்டில் யாரும் இல்லை. திரையில் கிம்புலா பணிஸ் மிதந்து வந்து ஓட்டோவுக்கு இரட்டைக் குழல் கொடுத்துவிட்டுப் போனது. கண் மங்கினவர்களுக்கும் காதால் தெரிகிற பரிசு. அதை நீ யோசித்துச் செய்தாயோ, தானாக அமைந்ததோ, கடைசிவரை எடுத்துவிடாதே.

இனிக் குறைக்கு வருகிறேன். உன் கேமில் சாவது சரியில்லை.

ஓட்டோவில் ஒரு நுளம்பு பட்டால் உயிர் போகிறது. பொறுக்கிய பணிஸ் அத்தனையும் போகிறது. கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வெறும் ஓட்டோவோடு திரும்பினால் முன்பு வந்த அதே படை வருகிறது, உடனே மறுபடி சாவு. இது நீ கண்டுபிடித்த கொடுமை இல்லை, பழைய கொடுமை. 1985இல் கொனாமி செய்த கிரேடியஸில் இதே கதைதான்: ஒருதரம் விழுந்தால் சேர்த்த ஆயுதம் எல்லாம் பறிபோய் நிராயுதபாணியாக நிற்பாய். அடுத்த வருஷம் அதை வீட்டு மெஷினுக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அது முடியவில்லை. தான் செய்கிற கேமைப் பரீட்சித்துப் பார்க்க முடியாமல், மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பீ ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் கிடைக்கிற மாதிரி ஒரு கள்ளவழியை உள்ளே வைத்தார். மனிதர் 2020இல் இறந்தபோது உலகம் முழுக்க அந்தப் பத்து அழுத்தல்களைச் சொல்லித்தான் அஞ்சலி செய்தார்கள். செய்தவனே தாண்ட முடியாத கேமை ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று மட்டையில் போடாதே.

அதே கள்ளவழி கொன்ட்ராவில் 30 உயிர் கொடுத்தது. அந்த 30 உயிர் இல்லாவிட்டால் எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் கொன்ட்ராவின் முடிவைப் பார்த்திருக்கவே மாட்டோம். ஆனால் அதிலும் ஒரு அநியாயம் இருந்தது. மூன்றாம் கட்டம் நீர்வீழ்ச்சி. இரண்டு பேர் ஏறுகிறார்கள். கெட்டிக்காரன் முன்னால் ஏறிவிட்டால் திரை அவனோடு மேலே போய்விடும், கீழே நிற்கிற சின்னவன் திரையின் அடியில் விழுந்து செத்துப்போவான். எதிரியால் இல்லை, சொந்த அண்ணனால். அந்த நீர்வீழ்ச்சியில் எத்தனை சகோதரச் சண்டை நடந்தது என்பதற்கு என் கடைச் சுவர் சாட்சி. ஜொய்ஸ்டிக் எறிந்த காயம் கடையை ஒப்படைக்கும்வரை அப்படியே இருந்தது.

ஆக, குடும்பத்தோடு விளையாடுகிற கேமுக்கு இரத்தம் இல்லாமல் இருந்தால் போதாது. விழுந்தவரை என்ன செய்கிறாய் என்பதில்தான் இருக்கிறது. கப்ஹெட்டைப் பார். 2017இல் வந்தது, 1930களின் கார்ட்டூன் மாதிரி ஒவ்வொரு அசைவும் கையால் வரைந்தது, அமெரிக்காவில் பத்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று தர முத்திரை. அந்தச் சிரிக்கிற கோப்பையின் முகத்தைப் பார்த்து ஏமாந்த பெற்றோர் அநேகம். பிள்ளை பத்து நிமிஷத்தில் அழும், அவ்வளவு கடினம். ஆனால் அதில் நீ திருட வேண்டிய ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் விளையாடும்போது ஒருவர் செத்தால் அவருடைய ஆவி மெதுவாக மேலே மிதந்து போகும். அது திரையைத் தாண்டுவதற்குள் மற்றவர் பாய்ந்து தட்டிவிட்டால் உயிர் திரும்பிவிடும். கொன்ட்ராவில் முன்னால் போனவன் தம்பியைக் கொன்றான். இங்கே திரும்பி வந்து காப்பாற்றுகிறான். விழுந்த ஓட்டோ ஒரு குடையில் மெதுவாக இறங்கட்டும், மற்ற ஓட்டோ போய் ஏற்றிக்கொள்ளட்டும். இரண்டு நாள் வேலைகூட இல்லை உனக்கு.

அம்மாயி மாதிரி ஆட்களுக்கு அதுவும் அதிகம். 2007இல் வந்த சூப்பர் மாரியோ கேலக்சியில் இரண்டாவது ஆளுக்கு உடம்பே கிடையாது. திரையில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும். அதை வைத்துச் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கலாம், எதிரியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம். சாகவே மாட்டார். விளையாட்டில் இருக்கிறார், ஆனால் யாருக்கும் பாரம் இல்லை. 2018இல் வந்த செலஸ்டில் கேமின் வேகத்தையே பத்துப் பத்து வீதமாகப் பாதி வரைக்கும் குறைத்துக்கொள்ளலாம். குறைத்ததற்காக யாரும் கேலி பண்ணுவதில்லை, முடிவும் அதே முடிவுதான். இந்த இரண்டையும் பார். 'ஈஸி' என்று ஒரு பட்டன் வைத்து அதற்கு அழுகிற குழந்தைப் படம் போடுகிற குசும்பு மட்டும் வேண்டாம்.

சின்னச் சின்னது சில. ஓட்டோவின் படம் முழுக்க அடிபடுகிறது, பக்கக் கண்ணாடியில் நுளம்பின் கால் பட்டாலும் சாவு. சூட்டர் செய்கிறவர்கள் அடிபடுகிற பெட்டியைப் படத்தைவிடச் சிறிதாகத்தான் வைப்பார்கள். சாரதி உட்கார்ந்திருக்கிற இடத்தை மட்டும் வை. அப்புறம், நுளம்பு கறுப்பு, உன் உடவத்தைக்கலைக் காடும் கறுப்பு. எங்கிருந்து வந்து கடிக்கிறது என்றே தெரியவில்லை. நிஜத்தில் அப்படித்தான் என்பாய். கேமில் வேண்டாம்.

நுளம்பு ஓயாமல் வந்துகொண்டே இருப்பதும் அலுப்பு. 1986இல் சேகா செய்த பேண்டசி சோனில் கட்டத்தில் ஆங்காங்கே தளங்கள் இருக்கும். எதிரிகள் அங்கிருந்து வருவார்கள். தளங்களை எல்லாம் அழித்தால்தான் பெரியவன் வருவான். உனக்கு அது வாய்க்குள் வந்து விழுந்த மாதிரி. பழைய டயர், சிரட்டை, அடைபட்ட பீலி, யோகட் கோப்பை. டெங்கு நுளம்பு முட்டையிடுவது இங்கேதானே? தண்ணீரைக் கவிழ்த்தால் வரவு நின்றுவிட வேண்டும். பறக்கிறதைச் சுட்டுக்கொண்டே இருக்கிறவன் தோற்பான், டயரைத் தேடிப்போகிறவன் வெல்வான். சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. ஐயா சைக்கிளில் வந்து வழி காட்டட்டும். சிவப்பு நோட்டீஸ் பயத்தில் ஊரே சிரிக்கும்.

இடங்களைப் பற்றி. பேராதனைப் பூங்கா நன்றாக வந்திருக்கிறது, அரச பனை வரிசை பின்னால் மெதுவாகவும் முன் செடிகள் வேகமாகவும் நகர்வது கண்ணுக்குச் சுகம். மரங்களில் பழந்தின்னி வௌவால்களைத் தொங்கவிடு, பேராதனை என்றால் அவை இல்லாமலா? ஆனால் சுட வைக்காதே, அவை பாட்டுக்குப் பறந்து இடைஞ்சல் பண்ணட்டும். 1901இல் இங்கிலாந்து இளவரசரும் மனைவியும் நட்ட நாகலிங்க மரம் அங்கே நிற்கிறதே, பீரங்கிக் குண்டு மாதிரிக் காய் காய்க்கிற மரம். சூட்டர் கேமுக்குக் கடவுள் கொடுத்த வரம். காய் விழட்டும், விலகிப் போகலாம். பூவை மட்டும் தொடாதே. நம் கோயிலிலும் வைக்கிறார்கள், விகாரையிலும் வைக்கிறார்கள். அதே காரணத்துக்காக தலதா மாளிகை கட்டத்தையும் எடுத்துவிடு. நீ மரியாதையாகத்தான் வரைந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அதன் முன்னால் எதையும் சுட வேண்டாம். பதிலுக்குக் கடுகண்ணாவை ஏற்றத்தைப் போடு. குடைந்த பாறைக்குள்ளால் ஓட்டோ நுழைந்து போகிற மாதிரி. அங்கே திரை சரிவாக ஏறலாம்.

எரிபொருள் முள் ஒன்றும் வை. 1981இன் ஸ்கிராம்பிளில் எண்ணெய் குறைந்துகொண்டே போகும், கீழே இருக்கிற தாங்கிகளைக் குண்டு போட்டு உடைத்தால் நிரம்பும். தாங்கியை உடைத்தால் எப்படி எண்ணெய் கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. உன் ஓட்டோ உடைக்க வேண்டாம், கியூஆர் காட்டட்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் ஓட்டோவுக்குக் கியூஆரில் கிழமைக்கு 5 லீட்டர் என்று வரிசையில் நின்ற ஒவ்வொரு சாரதியும் உன் கேமை இறக்கிக்கொள்வான்.

மொழி. மூன்று மொழியும் வைத்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் தமிழில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'பேராதனை' என்று எழுதினால் 'ப'வுக்குப் பிறகு கொம்பு வருகிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது முகத்தில் அடிக்கும். கோடோட் 4இல் நம் எழுத்தும் சிங்கள எழுத்தும் சரியாக விழுகின்றன, அதில் ஒருதரம் போட்டுப் பார். இல்லாவிட்டால் எழுத்தைக் குறைத்துப் படத்தால் சொல்.

பணம். கப்ஹெட் செய்த மோல்டன்ஹவர் சகோதரர்கள் வீட்டை அடகு வைத்துத்தான் கேமை முடித்தார்கள். அவர்களுக்கு அது கைகொடுத்தது. நீ உங்க அம்மாவின் நகைப் பக்கம் திரும்பியும் பார்க்காதே. ஜப்பானில் டைசுகே அமாயா வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருஷம் தனியாக உட்கார்ந்து கேவ் ஸ்டோரி செய்து, 2004இல் இலவசமாகவே விட்டார். இன்றைக்கும் பேசுகிறார்கள். டொரோண்டோவில் நம் பிள்ளைகள் செய்த வெண்பா பெரும்பாலும் சமையலறையில் நடக்கிற குட்டிக் கேம். 2023இல் வந்தது, அடுத்த வருஷமே பாஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேம் விருது வாங்கியது. பெரிதாகச் செய்யத் தேவையில்லை. ஐந்து கட்டம் போதும், ஐந்தும் முடிந்திருக்க வேண்டும். முதலில் இட்ச் தளத்தில் சும்மா போடு. ஸ்டீமுக்கு ஒரு கேமுக்கு 100 டொலர் கட்ட வேண்டும், 1000 டொலர் விற்றால்தான் அது திரும்பி வரும். அந்த 100ஐ மாமா தருகிறேன், கடனாக இல்லை. ஆனால் சாவதைத் திருத்திய பிறகு.

மார்கழி லீவுக்கு வரும்போது அடுத்த பில்டைக் கொண்டு வா, இரண்டு கொன்ட்ரோலரோடு. வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அம்மாயி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விடுவார். இரண்டாவது கொன்ட்ரோலரில் அவருக்கு என்ன வேலை கொடுக்கிறாய் என்பதை முடிவு பண்ணிக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா