விண்மீனோடு நகரும் பலகை

ஸ்டெப்பர் மோட்டர் வழுக்கிக்கொண்டு சுழல்வதில்லை. சுருள்களில் மின்சாரம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு படி நகர்ந்து நிற்கிறது. மலிவான 28பிஒய்ஜே-48 மோட்டரின் அச்சு ஒரு சுற்றை முடிக்க 4096 அரைப்படிகள் என்பது தரவுத்தாளின் கணக்கு. உள்ளிருக்கும் பற்சில்லுகளை எண்ணிப் பெருக்கினால் ஏறத்தாழ 4076தான் வரும். திரைச்சீலை இழுக்க இந்த வித்தியாசம் பொருட்டல்ல. விண்மீன்களைப் படம்பிடிக்கும் கமராவைத் திருப்பப் பொருட்டுதான்.

அதற்கான பொறி எளியது: பிணைச்சலால் சேர்த்த இரண்டு பலகைகள். மேற்பலகையில் கமரா இருக்கும். கீழ்ப்பலகைக்குச் செங்குத்தாக, பிணைச்சலிலிருந்து 228.6 மில்லிமீற்றர் தள்ளி, 1 மில்லிமீற்றர் புரியுள்ள எம்6 திருகாணி நிற்கும். மோட்டர் அதை நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றினால் மேற்பலகை புவியின் சுழற்சிக்கு ஈடாக எழும்.

பிணைச்சலின் அச்சு வான்துருவத்தை நோக்க வேண்டும். இலங்கையின் குறிஞ்சாக்கேணியில் வில்லங்கம் இங்கேதான். ஊரின் அகலாங்கு வடக்கு எட்டரைப் பாகை. துருவ விண்மீனும் அடிவானிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். ஒரு தென்னையோ கடல்மூட்டமோ போதும், அதை மறைக்க. குளிர்நாட்டாருக்கு எழுதிய வழிகாட்டிகள் அந்த விண்மீனைக் குறிபார்க்கச் சொல்வது இங்கே பெரிதும் உதவாது. மட்டம் வைத்து எட்டரைப் பாகை சரிவு கொடுத்து, நண்பகல் நிழலால் வடக்கைக் குறிப்பது நல்லது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் முடிவிலும் சூரியன் உச்சிக்கு வருவதால் அந்த நிழலும் கிடைக்காது.

மோட்டரை இயக்கும் நிரல் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும். அதன் முள் ஒன்று 3.3 வோல்ற்றில் 16 மில்லி அம்பியர் அளவே தரும். மோட்டர்ச் சுருளுக்கு ஏறத்தாழ 100 வேண்டும். அதனால் இடையில் யூஎல்என்2003 சில்லு வருகிறது.

பைதன் நிரலில் படிகளை எண்ணுவது சுலபம், நேரம் பிடிப்பதுதான் கடினம். படிகளுக்கிடையே 14.7 மில்லிசெக்கன் உறங்கச் சொன்னால் அது சற்றுப் பிந்தியே விழிக்கும். படிக்கு 0.1 மில்லிசெக்கன் பிந்தினாலும் 10 நிமிடத்தில் 4 செக்கன் சேரும். வானில் அது ஒரு கலை, முழுநிலவின் அகலத்தில் முப்பதிலொன்று. தொடக்க நேரத்திலிருந்தே ஒவ்வொரு படிக்கும் உரிய நேரத்தைக் கணக்கிட்டு, அதுவரை காத்திருந்தால் பிழை சேராது.

நேரான திருகாணி இன்னொரு பிழையையும் கொண்டுவரும்: பலகை விரிய விரிய எழும் வேகம் குறையும். 30 நிமிடத்தில் மோட்டர் ஏறத்தாழ 1.7 சதவீதம் விரைய வேண்டும். அந்தத் திருத்தம் நிரலில் ஒரே வரி. மரத்தில் செய்வதானால் திருகாணியையே வளைக்க வேண்டும்.

மோட்டர் தன் நிலையைத் திருப்பிச் சொல்லாது. எண்ணிக்கை நிரலில் மட்டுமே இருப்பதால் மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். ஆகவே பலகை மூடும் இடத்தில் ஒரு சிறு ஆளியைப் பொருத்தி, ஒவ்வொரு தொடக்கத்திலும் அது அழுந்தும்வரை பின்னோக்கிச் சுற்றி, அங்கிருந்து பூச்சியமாக எண்ண வேண்டும்.