வேலியோரச் செல்வம்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். மலருக்கு மலர்களைப் பற்றி எழுதுதலே பொருந்துமெனக் கருதி, எமது வளவில் வளரும் செடிகொடிகள் சிலவற்றைக் கூறத் துணிந்தோம். தமிழாசிரியருக்குத் தோட்டத்தில் என்ன வேலை எனப் பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். எம்மைத் தோட்டத்துக்கு அனுப்பியதே பொருளிலக்கணந்தான்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். எமது இல்லம் எழுவான்கரையிலே, கல்லடியில் உள்ளது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை எமது வேலியையும் செடிகளையும் ஒருங்கே வாரிச் சென்றது. கிணறும் உவர்ப்பேறியது. வீட்டை மீளக் கட்டிய பின்னர், வெறு மணலாய்க் கிடந்த வளவில் எதனை நடுவது என்னும் வினா எழுந்தது.

அயலவர் சிலர் குரோட்டனும் அந்தூரியமும் விலைக்கு வாங்கி நட்டனர். அந்தூரியம் நிழலும் ஈரமும் வேண்டி நிற்பது. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அது கருகிப் போயிற்று. பிறநாட்டுச் செடி யாவும் தீயவை என்பது எம் கருத்தன்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்த போகன்வில்லா எம் மணலில் மகிழ்ந்து வாழ்கிறது. அதனை யாம் பழியோம். ஆயினும் அழகு கருதிக் கொணர்ந்தவை எல்லாம் அவ்வாறு அடங்கியிருப்பதில்லை. ஆற்றுவாழையும் பூவின் அழகுக்காகவே இந்நாட்டுக்கு வந்தது. அதனை ஒழிக்க 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. மாரியில் வாவி நன்னீராகும்போது அது எவ்வாறு பரந்து தோணியையும் வலையையும் தடுக்கின்றது என்பதை வாவியிலே தொழில் செய்வோரைக் கேட்டால் அறியலாம்.

எமது மணலுக்கு முதலில் வந்தது யாம் நடாத அடம்பன் கொடியே. அதனைக் களைய முற்பட்டபோது எமது அன்னையார், "அதைப் பிடுங்காதே மகன், அது நின்றால்தான் மண் நிற்கும்" என்றார். செய்யுள்களில் அடும்பு என வருவது இதுவே. இதன் இலை கவைபட்ட குளம்பு போன்றது. தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயருக்கும் ஆட்டின் அடி என்றே பொருள். கடற்கரைக்குப் போகும் மாணவன் நாள்தோறும் இதனை மிதித்துச் செல்கிறான். நெய்தற் கருப்பொருளை மனனஞ் செய்தும் எழுதுகிறான். இரண்டும் ஒன்றென அவனுக்கு எவரும் காட்டவில்லை.

இக்குறை எமக்கு நன்கு புலப்பட்டது, யாம் முன்னர்ப் படிப்பித்த ஒரு பாடசாலையிலே. வெட்சி முதலிய திணைகளை மாணவர் தடையின்றி ஒப்புவித்தனர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைக் கூறினார் என்பதும் அறிந்திருந்தனர். நொச்சி எது என வினவினோம். ஒருவரும் அறியார். வகுப்பறைச் சாளரத்துக்கு எதிரே வேலியில் நின்றது நொச்சி. மறு ஆண்டு வேலி மதிலாயிற்று, நொச்சியும் வெட்டுண்டது.

மதிலைக் காத்து நிற்கும் போருக்கு நொச்சி எனப் பெயரிட்டது புறப்பொருள் வெண்பாமாலை. மதில் எழுப்புவதற்காக நொச்சியை வெட்டியது நம் காலம்! அன்று மாலையே கிளைகள் சிலவற்றை எடுத்து வந்து எமது எல்லையில் ஊன்றினோம். முழ நீளத் தடியை ஐப்பசி மழையில் நட்டால் வேர்விடும். முதற் கோடையில் மட்டும் நீர் வார்த்தல் வேண்டும். ஆடு அதனை எளிதில் நாடாது. காய்ச்சல் தடிமனுக்கு அதன் இலையிட்டு ஆவி பிடிப்பது நாமெல்லாம் அறிந்ததே. சில ஆண்டுகளில் அதன்மேல் முடக்கொத்தான் தானே முளைத்துப் படர்ந்தது. மதிலை வளைப்போர் சூடும் உழிஞை இம்முடக்கொத்தானே என்பர் ஒரு சாரார். ஆகவே எமது வேலியில் முற்றுகை இன்றும் நடைபெறுகின்றது.

நொச்சிக்கு அடுத்து ஆவரசு நட்டோம். மஞ்சட் பூவும் நீர் வேண்டாத் தன்மையும் அதற்குச் சிறப்பு. கிணற்றடியில் வெட்சி. குட்டை ஒட்டுச் செடியை விடுத்து, ஆளுயரம் வளரும் நாட்டு வெட்சியையே தேடினோம். ஆநிரை கவர்தலென மனனஞ் செய்த பிள்ளைகள் அதன் செம்பூவைத் தொட்டுப் பார்த்தபோது கொண்ட வியப்பு பெரிது. கொடிகளில் முசுட்டைக்கு நிகரில்லை. மாலையில் வெண்பூ விரியும். இலையோ வறைக்கு உதவும். சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனியை வாயிலிட்டால் மணலை இட்டதுபோல் இருக்கும். சிறுவர்க்கு இதனினும் நல்ல விளையாட்டு வேறில்லை. முல்லை மட்டும் உப்புக்காற்றுக்கு அஞ்சி நிற்கிறது. வீட்டின் மேற்குப் புறத்தில் வைத்த பின்னரே சிறிது பூத்தது. நெய்தல் நிலத்தில் முல்லையை வற்புறுத்துதல் திணைமயக்கம் போலும்.

எமது வளவைக் கண்டு "பற்றைக் காடு, டெங்கு வரும்" என முறையிட்டாரும் உளர். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரில். சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் ஆகும். யாம் பூச்சாடி வைத்ததில்லை. கறிவேப்பிலையை அரிக்கும் பச்சைப் புழுவைக் கொல்லாமை குறித்தும் இல்லாளிடம் யாம் பேச்சு வாங்குவதுண்டு. அப்புழுவே கரிய சிறகுள்ள வண்ணத்துப்பூச்சியாகிறது என்று காட்டிய பின்னர், புழுவுக்கென ஒரு கன்று, குழம்புக்கென ஒரு கன்று என உடன்பாடு செய்துகொண்டோம்.

காடுகளில் வேரோடு அகழ்ந்து கொணர்தல் தகாது. தடியோ விதையோ போதும். ஐப்பசியில் வரும் பழைய மாணவர்க்கு நொச்சித் தடியும் முசுட்டைக் கொடியும் தருவோம். காந்தளையும் சிலர் கேட்கின்றனர். ஊரார் கார்த்திகைப் பூ என்னும் அது, கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கி மாரியில் எழுந்து, இலை நுனியாலே பற்றி ஏறுவது. கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. இதனை எடுத்துக் கூறியே கேட்போரைத் திருப்பி அனுப்புகிறோம். எம்மிடம் இருப்பவை இரண்டே கிழங்குகள் என்பதும் ஒரு காரணம்.