முற்றத்துக் கல்லும் கூலியாளின் உரிமையும்

கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடிவாரம் காரவள்ளி. இப்பகுதியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சென்ற ஆண்டு நாம் நம் வீட்டு முற்றத்துத் தோட்டத்தில் மூன்று பெருங்கற்களை நிறுவினோம். அவ்வேலையில் மார்க்கம் தொடர்பான கேள்விகளும் எழுந்தன. அவற்றைச் சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என எண்ணுகிறோம்.

முதற்கேள்வி, கல் யாருடையது என்பது. "ஓடையிலே சும்மா கிடக்கிற கல்லுதானே, பாய். பாதி விலைக்கு ராவோடு ராவா இறக்கிடறேன்" என்றார் ஒரு டிராக்டர் ஓட்டுநர். ஓடை பொதுச் சொத்து. அதன் கல் கரையைக் காக்கிறது. காப்புக்காட்டில் கல் எடுப்பதை 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமே தடுக்கிறது. பிறர் நிலத்தில் ஒரு சாணளவை அநியாயமாக அபகரிப்பவரையும் நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். அவ்வாறிருக்க, ஊரார் அனைவரின் உடைமையில் நாம் எப்படிக் கைவைப்பது? உரிமம் பெற்ற குவாரியில் முழு விலை கொடுத்து, நடைச்சீட்டுடனேயே கற்களை வாங்கினோம்.

இரண்டாவது, எடை. இத்தகைய கடினப் பாறை ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ இருக்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கல்லே சுமார் 1,400 கிலோ. அதாவது இருபது ஆட்களின் எடை. நான்கு இளைஞர்கள் தள்ளிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. வாசல்வரை ஜேசிபி கொண்டு வந்தது. உள்ளே உருளைக் கட்டைகளும் கடப்பாரையும் செயின் பிளாக்கும் உதவின. கல்லின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இறங்குமாறு குழி தோண்டி, அடியில் சரளை பரப்பினோம். அண்டை வீட்டுப் பக்கம் மழைநீர் திரும்பாதபடியும் பார்த்துக்கொண்டோம். அது அண்டை வீட்டாரின் ஹக்கு.

மூன்றாவதே முக்கியமானது. கடைசிக் கல் பாதி வழியில் இருந்தபோது மஃக்ரிப் நெருங்கியது. வேலையாட்கள் களைத்திருந்தனர், ஒருவர் காலில் ரப்பர் செருப்பு மட்டுமே இருந்தது. "இன்னும் பத்தடிதானே, முடித்துவிடலாம்" என்றார் பெரியத்தா. மங்கிய வெளிச்சத்தில் கல் ஒரு விரற்கடை வழுகினாலும் ஓர் ஏழையின் கால் போய்விடும். அவர் குடும்பத்தின் உணவும் போய்விடும். கல்லுக்கு இருபுறமும் ஆப்பு வைத்து வேலையை நிறுத்தினோம். அன்றைய கூலியை அன்றே கொடுத்தோம். மறுநாள் காலை அனைவருக்கும் காலணி வாங்கித் தந்து, அரைநாள் கூலியும் தனியே கொடுத்தோம். "பத்தடிக்கு இவ்வளவு செலவா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றை அவர்களுக்கு நினைவூட்டினோம். வாயிலை மூடிய பாறையை அவர்களால் அசைக்க முடியவில்லை. தத்தம் நற்செயலை முன்வைத்து மூவரும் இறைஞ்ச, அது சிறிது சிறிதாக விலகியது. அவர்களுள் ஒருவரின் நற்செயல், கூலியாள் வாங்காமல் விட்டுச் சென்ற கூலியைப் பேணிப் பெருக்கி, அவர் திரும்பி வந்தபோது முழுவதையும் ஒப்படைத்ததாகும்.

தோட்டம் அமைப்போர் கல்லின் அழகைப் பார்ப்பதற்கு முன் அதைத் தூக்கும் கைகளைப் பார்க்கட்டும். நம் இல்லங்களில் எவருடைய கண்ணீரும் கலவாத பரக்கத்தை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.