வெல்டிங் வைத்த பிரேக்

பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியருக்கு மிதியை மேலே தூக்க வேண்டும், மற்றதெல்லாம் கீழே. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல்லாண்டு காலம் இப்படித்தான் வண்டி செய்தது. பல்சரில் பழகிய கால் அதில் ஏறினால் கியர் என்று நினைத்து பிரேக்கை மிதிக்கும். அதற்கு லேத் பட்டறைகளில் ஒரு வைத்தியம் உண்டு: இரண்டையும் பக்கம் மாற்றிவிடுவது. பின்னாளில் கம்பெனியே அப்படி மாற்றியது என்றாலும், ஆலையில் செய்வதும் தெருவோரத்தில் செய்வதும் ஒன்றல்ல.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் இளைஞர் என் கட்சிக்காரர். எண்பதுகளின் புல்லட் ஒன்றைக் கள்ளக்குறிச்சியில் ஒருவரிடம் வாங்கினார். ஏற்கெனவே பக்கம் மாற்றிய வண்டி. சில மாதம் கழித்து கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயப்பாளையம் நோக்கி இறங்கும்போது, வளைவில் மிதித்த பிரேக் மிதி அப்படியே தொங்கிவிட்டது. முன் பிரேக்கை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாமல் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தார். காறையெலும்பு முறிந்தது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை.  

வக்கீல் நோட்டீசுக்கு விற்றவர் தந்த பதில் ஒரே வரி: பார்த்துத்தானே வாங்கினார்? சட்டப்படி அது லேசான பதிலல்ல. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, வியாபாரி அல்லாத ஒருவரிடம் வாங்கும் பழைய பொருளுக்குத் தர உத்தரவாதம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. நுகர்வோர் மன்றத்துக்கும் வழியில்லை. ஏமாற்றி விற்றதாகச் சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாம் என்றேன்.

“வண்டிய குடுக்கணுமா சார்? அப்ப வேணாம்.”

அந்தப் பிடிவாதம்தான் வழக்கைக் காப்பாற்றியது. ரத்து கேட்டிருந்தால் ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவின் விதிவிலக்கை எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டு, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்று வாதாடியிருக்கும். வண்டியை வைத்துக்கொண்டு நஷ்டஈடு மட்டும் கேட்டால் அந்த வாசல் அடைபடும். ஆனால் வாயைத் திறந்து தந்த உத்தரவாதம் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. விற்பதற்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவில், “கம்பெனி கிட் போட்டது தம்பி, ஒரு வெல்டிங்கூட கிடையாது” என்று விற்றவரே சொல்லியிருந்தார். அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்தோம்.

இனி வெல்டிங் இருந்ததைக் காட்ட வேண்டும். பழைய புல்லட்டின் பின் பிரேக் டிரம் இடப்பக்கம், செயின் ஸ்ப்ராக்கெட்டோடு இருக்கிறது. மிதியை வலப்பக்கம் கொண்டுபோனால் வண்டியின் அடிவயிற்றில் குறுக்கே ஒரு தண்டு ஓடியாக வேண்டும். இந்த வண்டியில் ஏதோ ஒரு இரும்புக் கம்பியை வெட்டி, நுனியில் நெம்பைப் பற்றவைத்து, மேலே பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தாலும் தெரியாது.

விழுந்த வண்டியை எடுத்துவந்த மெக்கானிக் விவரமான ஆள். உடைந்த துண்டில் அன்றைக்கே கிரீஸ் தடவி, துணியில் சுற்றி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நீதிமன்றம் நியமித்த வக்கீல் கமிஷனர் முன்னால் அதைத் துடைத்துக் காட்டினார். முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழந்துருவேறிக் கருத்திருந்தது. ஓரத்தில் நகத்தளவு மட்டும் வெள்ளையாக மினுங்கியது. விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது, கடைசி நகத்தளவுதான் அன்றைக்கு விட்டுப்போனது. இது இந்த வண்டியின் துண்டுதானா என்று எதிர்த்தரப்பு கேட்க, தண்டில் மிச்சமிருந்த பாதியோடு வைத்துப் பார்த்தார்கள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

குறுக்கு விசாரணையில் மெக்கானிக்கின் படிப்பைக் கேட்டார்கள். கேட்பார்கள் என்று தெரியும். அந்தச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தனித்திறமையைத்தான் கேட்டது, பட்டத்தை அல்ல.

கடைசி அஸ்திரமாக மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வந்தது. கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது, ஆகவே வாதி ஓட்டியதே சட்டவிரோத வண்டி என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அடிப்படை அம்சமே மாறும் அளவுக்கு அமைப்பை மாற்றுவதைத்தான் அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது என்று நான் எழுந்திருப்பதற்குள் நீதிபதி கேட்டார்: “மாத்தினது யாரு?” வக்கீல் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

மருத்துவச் செலவும் பிரேக் பழுதுச் செலவும் தீர்ப்பாயின. மெக்கானிக் பில்லில் பிரேக்கோடு சேர்த்து கியரையும் பழையபடி வலப்பக்கம் கொண்டுவந்த கூலி இருந்தது. கியர் இணைப்பு உடையவில்லையே என்று அதை மட்டும் நீதிமன்றம் கழித்துவிட்டது. வாதாட இடமிருந்தது, அப்பீல் போகலாமா என்று கேட்டேன்.

“விடுங்க சார். வலது கால் இப்பதான் பழகுது.”